டம்ளர் ஆடாத டைமிங்

சனிக்கிழமை காலையில் அடுப்படி ஜன்னலின் கொசுவலையைக் கழற்றி, சோடாக்காரம் போட்டுத் தேய்ப்பது நாச்சியாரின் வேலை. இருபது வருஷமாக அதை அவள் யாரிடமும் விட்டதில்லை. மணக்காட்டில் அவர்கள் வீடு இருந்த சந்து குறுகல். புருஷன் வன்னியராஜின் பிக்கப் வண்டி அடுப்படிச் சுவரை உரசுகிற மாதிரிதான் நிற்கும். காலையில் அது கிளம்பும்போது விடுகிற புகைக்குப் போக்கிடம் அந்த ஜன்னல்தான். வாரம் ஒருமுறை தேய்க்காவிட்டால் வலை கறுத்துக் கம்பளி மாதிரி ஆகிவிடும்.

இந்த மூன்று வாரமாக வலையில் கரி இல்லை, வெறும் தூசிதான். வண்டியின் டீசல் பம்ப்பைக் கழற்றி வேலைக்குக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை பம்ப் வந்தது. வெள்ளிக்கிழமை வன்னியராஜே அதை மாட்டினான். இன்றைக்கு டைமிங், அதாவது டீசல் விழுகிற நேரம், வைக்கிறான்.

பின்வாசல் குழாயடியில் தேய்த்த வலையைச் சுவரில் சாய்த்து உலரவைத்துவிட்டு நாச்சியார் உள்ளே வந்தாள். வலையில்லாத ஜன்னலில் வெளியே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த வன்னியராஜின் முதுகு. வியர்வையில் ஒட்டிய பனியன். பின்பாக்கெட்டில் செருகிய ஸ்பேனர். அவன் பம்ப்பை ஒரு தள்ளுத் தள்ளி, நட்டை முறுக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

சுவரில் அடித்திருந்த தட்டு ஸ்டாண்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின.

வன்னியராஜ் இன்ஜினை அணைத்தான். பம்ப்பை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் தள்ளினான். திரும்பவும் ஸ்டார்ட் செய்தான். இந்தத் தடவை டம்ளர்கள் குளிர்காய்ச்சல்காரன் பல்லைப் போல அடித்துக்கொண்டன. ஓரத்தில் நின்ற ஒரு குட்டி டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. நாச்சியார் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏ நாச்சியா!" வன்னியராஜ் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். "எப்படி? பட்டுமாதிரி இல்ல?"

கையிலிருந்த டம்ளர் அவள் விரல்களுக்குள் துடித்தது.

"நல்லாருக்கு," என்றாள்.

"என்னது?"

"நல்லாருக்குங்கேன்!"

"ஆங். அப்படிச் சொல்லு. திங்கக்கிழமை விழிஞ்ஞத்துக்கு லோடு. சாலை மார்க்கெட்டுக்குப் போயி ஃபில்டர் வாங்கிட்டு, அப்படியே முடியும் வெட்டிட்டு வந்துருதேன்."

அவன் கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, நாலு எட்டில் சந்தைத் தாண்டிப் போய்விட்டான். முகத்தில் ஒரு சந்தோஷம். மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு இன்றைக்குத்தான் நடையில் வேகம் வந்திருந்தது.

நாச்சியார் குட்டி டம்ளரைத் திரும்ப ஸ்டாண்டில் வைத்தாள். அது தன்னுடைய இடத்தில் சும்மா நின்றது.

டீசல் வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். ஆனால் அதை நன்றாகத் தெரியும். டீசல் விழுகிற நேரம் பிந்தினால் வண்டி இழுக்காது, வெள்ளைப் புகை தள்ளும். முந்தினால் இன்ஜின் இடிக்கும். நேரம் சரியாக இருந்தால், ஸ்டாண்டின் கோடியில் நிற்கிற தோசைமாவுத் தூக்கின் மூடி மட்டும் ரீங்காரம் போடும். டம்ளர் ஒன்றுகூட ஆடாது. புத்தகம் படித்து வந்த அறிவில்லை. இருபது வருஷம் அதே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காபி போட்டதில் வந்தது.

இடிக்கிற இன்ஜினோடு ஓட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் வண்டி நின்றுபோய், யாரோ ஒருவன் அவசரத்தில் டைமிங்கை முந்தி வைத்து அனுப்பினான். இடிக்கிறது என்று காது சொல்லியும், லோடு முடியட்டும் என்று வன்னியராஜ் ஓட்டினான். நாலாம் நாள் திருவல்லம் ஏற்றத்தில், வெங்காய மூட்டைகளோடு, பிஸ்டன் உடைந்தது. அப்போது வண்டிக்கு வயது குறைவு. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தார்கள். இப்போது அப்படி ஒன்று நடந்தால் யாரும் பிரிக்கமாட்டார்கள். வண்டி நேராகக் காயலான் கடைக்குத்தான். வண்டி போனால் வன்னியராஜுக்கு அறுபது வயதில் வேறு யார் தன் வண்டிச் சாவியைக் கொடுப்பார்கள்?

அது பாதிக் கவலை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வன்னியராஜ் டைமிங் வைப்பது காதால். அந்தக் காது போய்விட்டது.

காது என்றால் அப்படிப்பட்ட காது. கல்யாணம் ஆன புதிதில், சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்து தம்பானூரில் இறங்குவதற்குள், "இந்த பஸ்ஸுக்கு மூணாவது இன்ஜெக்டர் போச்சு, டிரைவர்ட்ட நாகர்கோவில்லயே சொல்லிருக்கணும்" என்று அவள் காதில் சொன்னவன். புதுப்பெண்ணிடம் பேச வேறு விஷயமா இல்லை என்று அவளுக்கு அன்றைக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பழகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் போகிற ஆட்டோவுக்கெல்லாம் வைத்தியம் சொல்வான். ஒரு நாள் ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, உன் கிரைண்டர்ல பெல்ட் லூசு" என்றான். கிரைண்டர் பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய்ப் பார்த்தால் பெல்ட் உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

கிள்ளிப்பாலத்தில் ஷெட் வைத்திருந்த பம்ப் மெக்கானிக் பிச்சுமணி அந்தக் காதுக்கு ரசிகர். கோட்டை அக்ரஹாரத்துப் பையன், வேட்டியில் கிரீஸ் பட்டதால் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வளர்ந்தவர். மீட்டர் மாட்டி அவர் வைக்கிற டைமிங்கும், மீட்டர் இல்லாமல் வன்னியராஜ் வைக்கிற டைமிங்கும் ஒன்றாகவே இருக்கும். "ஓய், போறச்சே அந்தக் காதை இங்க கழட்டி வெச்சுட்டுப் போம். ஷெட்டுல மாட்டி வெச்சுக்கறேன்," என்பார். நாச்சியார் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பெருமையாக இருக்கும், வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சங்குமுகம். வண்டியில் டிரைவரோடு மூன்று பேர் உட்காரலாம். நடுவில் நாச்சியார், ஓரத்தில் மகள் குட்டி ஷாலு. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் நாச்சியார் முழங்காலை ஒதுக்கவேண்டும். இரண்டாம் கியருக்கு இடது பக்கம், மூன்றாம் கியருக்கு வலது பக்கம். திரும்பி வரும்போது ஷாலு உறங்கிவிடுவாள். கடலைத் தோலும் மணலும் காலுக்கடியில் கிடக்க, வன்னியராஜ் சத்தம் போடாமல் கியரை நழுவவிட்டு ஓட்டுவான். வாரநாளில் அவன் வண்டி அட்டக்குளங்கரை திரும்பும்போதே வீட்டில் அவளுக்குத் தெரிந்துவிடும். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். அவன் கை கழுவி உட்காருவதற்கும் முதல் தோசை தட்டில் விழுவதற்கும் சரியாக இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் வண்டிக்கு ஒரு அடையாளமும் கிடைத்தது. டைமிங் சரியாக அமைந்த ஒரு நாள், பம்ப்பும் இன்ஜினும் சேருகிற இடத்தில் அடையாளம் போட பிச்சுமணி உளியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏழு வயது ஷாலு கையில் சிவப்பு நெயில்பாலிஷ் குப்பி. ஆற்றுக்கால் கோவில் பொங்கல் சமயம் வளையல் கடையில் வாங்கியது. அவள் எட்டிப் போய் ஒரே இழுப்பில் இரண்டுக்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டாள். வன்னியராஜ் கையை ஓங்கினான். பிச்சுமணி குனிந்து பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. டீசல் பட்டாலும் இது போகாது. உளி எதுக்கு?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு அதுதான் வழக்கம். எப்போது பம்ப்பை அசைத்தாலும், சரியாக வைத்து முடித்ததும் அதே கோட்டின் மேல் ஒரு பூச்சு. ஷாலு வளர்ந்து பெரிய பள்ளிக்கூடம் போனதும், கோடு போடுகிற வேலை நாச்சியாருக்கு வந்தது.

பிச்சுமணி ஷெட்டை மூடிவிட்டுப் பாலக்காட்டில் மகள் வீட்டோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை பம்ப்பை வேறு இடத்தில் கொடுத்தார்கள். வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பம்ப்பைக் கழுவித் துடைத்துப் புதுமாப்பிள்ளை மாதிரி கொடுத்தார்கள். அதில் சிவப்புக் கோட்டின் பாதி போய்விட்டது. இன்ஜின் பக்கத்துப் பாதி மட்டும், எங்கேயும் சேராமல் நின்றது.

"அம்மா, எந்தா இப்படி நிக்கிறே?"

ஷாலு தலையில் துண்டோடு வந்து நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் பாதி மலையாளம். கிழக்கேகோட்டையில் ஒரு மொபைல் கடையில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை மதியம்தான் போவாள்.

"அப்பா முந்தி வச்சிட்டாரு," என்றாள் நாச்சியார்.

"டைமிங்கா? அப்பாவா?" ஷாலு சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அப்போ... காதா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"பின்னே? அப்பா வைக்கிற டிவி சத்தத்துல அடுத்த வீட்டு லிபி சீரியல் கதை முழுக்கச் சொல்லுறா. நேரா சொல்லிட்டா எந்தா? டாக்டரைக் கண்டா ஒரு மெஷின் குடுப்பாங்க. இப்போ எல்லாரும் வைக்கிறாங்க."

"சொன்னா மெஷின் வைக்கமாட்டாரு. வண்டிய வித்துருவாரு. ஒங்கப்பன எனக்குத் தெரியும். டைமிங் கேக்காத காதுல லோடு அடிக்கமாட்டேம்பாரு. அப்புறம் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் இந்த நாலு சுவத்துக்குள்ள என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காருவாரு."

"ரோட்டுல ஹார்ன் கேக்காம எதுலயாவது போயி இடிச்சா?"

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு பஸ்காரன் பின்னால் நின்று ஹார்ன் அடித்து அடித்து, கடைசியில் இறங்கி வந்து வன்னியராஜைத் திட்டினான். வீட்டுக்கு வந்து வன்னியராஜ் அதைப் பஸ்காரனின் திமிர் என்று சொன்னான். நாச்சியாரும் ஆமாம் என்றாள். அவனுக்குக் கொஞ்சமாவது கேட்கிற வலப்பக்கமாக அவள் போய் உட்காருவதும், போன் அடித்தால் ஓடிப்போய்க் கையில் கொடுப்பதும், குக்கர் விசில் வந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்வதும் எப்போது வழக்கமாயின என்று அவளுக்கே தெரியாது.

"டாக்டர் விஷயத்த அப்புறம் பேசலாம்," என்றாள். "திங்கக்கிழமை அந்த வண்டி இப்படியே ஏத்தம் ஏறக்கூடாது. சாவிய எடு."

"அம்மா! அப்பா கண்டா கொல்லுவாரு, கேட்டோ."

"மொதல்ல என்னக் கொல்லட்டும். நீ போயி சீட்ல உக்காரு. நாஞ் சொல்லும்போது ஸ்டார்ட் பண்ணு, சொல்லும்போது ஆஃப் பண்ணு."

நாச்சியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். வன்னியராஜின் தோள் விலகி மூன்று மாதம் கட்டோடு இருந்த வருஷம், அவன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இதே நட்டுகளை அவள் முறுக்கியிருக்கிறாள். மூன்று நட்டு. ஸ்பேனரை மாட்டி இழுத்ததும் முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது அடியில், கை நுழையாத இடத்தில். கையை விட்டாள். பக்கத்திலிருந்த சூடான குழாய் மணிக்கட்டில் பட்டுத் தோல் சிவந்தது. "அம்மாடி," என்று கையை உதறிவிட்டு மறுபடியும் விட்டாள்.

பம்ப் அசையவில்லை. டீசல் குழாய்கள் நாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. நாச்சியார் அடுப்படிக்குப் போய்ப் பருப்பு மத்தை எடுத்து வந்தாள்.

"சாம்பாரா வைக்கப் போறே?" என்றாள் ஷாலு ஸ்டீயரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு.

"வாய மூடு."

மத்தின் மரக்காம்பால் பம்ப்பை வெளிப்பக்கமாக ஒரு தட்டு. நட்டை முறுக்கினாள். "போடு." வண்டி உயிர்பெற்றது. நாச்சியார் உள்ளே ஓடிப்போய் ஸ்டாண்டின் முன்னால் நின்றாள். டம்ளர்கள் ஆடின; முன்னளவு இல்லை. ஜன்னல் வழியாகக் கையை அசைத்தாள். ஷாலு அணைத்தாள்.

இரண்டாம் தடவை கொஞ்சம் கூடத் தட்டிவிட்டாள் போலிருக்கிறது. டம்ளர்கள் அமைதியாகிவிட்டன. ஆனால் மாவுத்தூக்கின் மூடியும் பேசவில்லை. சந்தில் வெள்ளைப் புகை. வலை இல்லாத ஜன்னலில் அது நேராக அடுப்படிக்குள் வந்து அவளை இருமவைத்தது. அடுத்த வீட்டிலிருந்து லிபி எட்டிப் பார்த்து, என்ன ஆச்சோ என்று பதறி, "சேச்சி, எந்து பற்றி?" என்றாள். "ஒண்ணுமில்ல லிபி, வண்டி சூடாவுது," என்றாள் நாச்சியார்.

மூன்றாம் தடவை அவள் மத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் உள்பக்கம் அழுத்தினாள். நகத்தின் கனம் அளவுக்குத்தான் அசைந்திருக்கும். நட்டுகளை மாறி மாறி முறுக்கினாள்.

உள்ளே வந்து நின்றபோது தோசைமாவுத் தூக்கின் மூடி மெல்ல, ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. டம்ளர் ஒன்றும் அசையவில்லை. குட்டி டம்ளர்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அட்டக்குளங்கரைத் திருப்பத்தில் கேட்கிற அதே சத்தம். தோசைக்கல்லை ஏற்றவேண்டும் என்று ஒரு கணம் கை தானாக அடுப்புப் பக்கம் போனது.

"அணைக்கட்டுமா?" ஷாலு கத்தினாள்.

"இரு. கொஞ்சம் ஓடட்டும்."

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். செய்யும்போது அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஷாலுவின் மேசையிலிருந்து கையில் அகப்பட்ட நெயில்பாலிஷை எடுத்து வந்து, சிவப்புப் பாதிக்கோட்டில் தொடங்கிப் பம்ப்பின்மேல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். டைமிங் சரியாக அமைந்தால் கோடு போடவேண்டும், அவ்வளவுதான். பானெட்டை மூடிவிட்டுக் கை கழுவினாள். ஷாலு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து வன்னியராஜ் வந்தான். ஒட்ட வெட்டிய முடியில் பவுடர் வாசனை. சாலை மார்க்கெட்டில் வாங்கிய ஃபில்டரும், அவளுக்குப் பிடிக்குமே என்று ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவலும் கையில்.

"பிச்சுமணிக்கு போன் போட்டேன்," என்றான். "காதாலேயே வச்சேன்னு சொன்னேன். 'உம்ம காதுக்கு என்னய்யா'ன்னாரு. அங்க சும்மாதான் இருக்காராம் பாவம்."

"என்ன பேசினாரு?"

"அவரு பேசினது சரியாக் கேக்கல. அங்க சிக்னல் இல்ல."

அவன் ஃபில்டரை மாட்டப் போனான். நாச்சியார் வறுவலை டப்பாவில் கொட்டினாள். அப்போதுதான் அந்தக் கோடு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் துடைத்துவிடலாமா என்று நினைத்தாள். பானெட் திறக்கிற சத்தம் கேட்டது. ஷாலுவிடம் இப்போது சிவப்பு கிடையாது. நாச்சியார் எடுத்துப் பூசியது மயில்கழுத்து நீலம்.

வன்னியராஜ் குனிந்த இடத்திலேயே நின்றான். பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது. இன்ஜினை ஓடவிட்டுவிட்டு அவன் வீட்டுக்குள் வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

அடுப்படிக்கு வந்து குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். அவள் மணிக்கட்டில் இருந்த சூட்டுக்காயத்தைப் பார்த்தான். மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த பருப்பு மத்தைப் பார்த்தான். அதன் காம்பில் கிரீஸ் முழுவதும் போகவில்லை. பிறகு தட்டு ஸ்டாண்டின் பக்கம் திரும்பி, டம்ளர் வரிசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். அங்கிருந்து கையை நகர்த்தி மாவுத்தூக்கின் மூடியைத் தொட்டான். அது அவன் விரலுக்கடியில் ரீங்காரம் போட்டது.

"நான் வச்சப்ப டம்ளர் ஆடிச்சா?"

"ம்."

"நெறையவா?"

நாச்சியார் அந்தக் குட்டி டம்ளரைக் காட்டி, விளிம்பைக் காட்டினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. மூடியின் மேலிருந்து அவன் விரலை எடுக்கவில்லை.

"நல்லா வச்சிருக்க," என்றான். "பிச்சுமணி பாத்தா ஒன் கையையும் கழட்டி வச்சிட்டுப் போகச் சொல்லுவாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"நாச்சியா," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "எனக்குக் கேக்கலன்னு ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

அவளுக்கு நாள்கூடத் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகை. கிரைண்டர் பெல்ட் நாலு நாள் வீல் வீலென்று கத்தியது. அவன் சொல்லட்டும், சொன்னபிறகு மாற்றலாம் என்று அவள் அதைத் தொடாமலே வைத்திருந்தாள். நாலு நாளும் அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு எழுந்து போனான். ஐந்தாம் நாள் அவளே கடைக்குப் போய்ப் புதுப் பெல்ட் வாங்கி வந்து மாட்டினாள்.

மூடி ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்தது. வன்னியராஜ் இப்போது அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வல காஞ்சிருக்கும்," என்று முகத்தைத் திருப்பி முணுமுணுத்துக்கொண்டு, அந்தக் கார்த்திகையைச் சொல்லாமலே நாச்சியார் பின்வாசல் வழியாகக் குழாயடிக்குப் போனாள்.